மாசி இன்னைக்கு வரலை

ஏன்டா தம்பி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? பாத்திரமெல்லாம் தொட்டியில கெடக்குதேன்னா? கெடக்கட்டும், கால் முளைச்சு ஓடிடாது. நீ உன் அறிக்கையைப் பாரு. அதோட தலைப்புக்குத் தமிழ்ல என்னடான்னு நேத்துக் கேட்டதுக்கு ஒண்ணு சொன்னே பாரு, 'பேரிடருக்குப் பிந்தைய வாழ்வாதார மீட்டெடுப்பும் வேலைவாய்ப்பு உருவாக்கமும்'னு. ராத்திரி நீ தூங்கினப்பறம் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். நடுவுல ரெண்டு இடத்துல மூச்சு வாங்கிடுச்சு.

எங்க ஊர்ல இதுக்குப் பொழப்புன்னு பேரு. புயல்ல பொழப்புப் போச்சும்பான், அப்பறம் ஒரு நாள் பொழப்பு வந்துச்சும்பான். அவ்வளவுதான். நீங்க வாழ்வாதாரம்னு பேரை மாத்தினாலும் மாத்தினீங்க, ஆதாரைக் கொண்டா, அதுக்கு ரெண்டு நகல் கொண்டாங்கறான்.

கோவிச்சுக்காதே. நான் பேராவூரணித் தென்னந்தோப்புக்காரன். எனக்கு என்ன தெரியும்? 'பய கொல்கத்தாவுல பெரிய வேலையில இருக்கான், ஒரு மாசம் போய் இருந்துட்டு வாங்கப்பா'ன்னு உங்கப்பன் ரயிலேத்தி விட்டான், வந்தேன். லேக் மார்க்கெட்ல வாழையிலை கிடைக்குது, காப்பித்தூள் கிடைக்குது, கறிவேப்பிலைக்காரன்கூடத் தமிழ்ல விலை சொல்றான். எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் இன்னைக்கு ஒரு குறை, மாசி வரலை.

வந்த அன்னைக்கு நீ 'மாசி வருவாங்க தாத்தா'ன்னப்ப, ஆவணியில எங்கேடா மாசி வரும்னு முழிச்சேன். இங்கே மாசின்னா சின்னம்மாவாம். வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளையைச் சின்னம்மான்னு கூப்பிடற ஊரு நல்ல ஊருதான். சின்னம்மா வரலைன்னா என்ன ஆச்சோன்னு பதறுவோமா, பாத்திரம் என்ன ஆச்சுன்னு பதறுவோமா, அதை மட்டும் இன்னும் யாரும் முடிவு பண்ணலை போலிருக்கு.

சரி, அறிக்கைக்கு வருவோம். மூணாம் பக்கத்துல தையல் மெஷின் படம் போட்டிருக்கே. ரொம்ப அழகா இருக்கு. அழகான படத்தைக் கண்டாலே எனக்குப் பயம்டா தம்பி. 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்துச்சே, நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அப்பறம் உதவி வந்துச்சு. நல்ல மனசோடதான் வந்துச்சு, நான் இல்லைங்கலை. வந்தவங்க ஆளுக்கு ஒரு ஃபைபர் படகு குடுத்து, பேரெழுதி, முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. படகு போட்டோவுல நல்லா விழும் பாரு. முடிவுல பல ஊர்ல சுனாமிக்கு முன்னால இருந்ததை விடப் படகு கூடிப் போச்சு. அதுவரைக்கும் பங்குக்கு வலை இழுத்தவனெல்லாம் படகுக்காரனாயிட்டான், வலை இழுக்கத்தான் ஆளைக் காணோம். கடல் அதே கடல், மீனும் அதே மீன். குட்டி போடச் சொல்லி மீனுக்கு யாரும் பயிற்சி முகாம் நடத்தலையே.

உன் மாசி வீட்டுலயும் ஒரு தையல் மெஷின் இருக்கு, தெரியுமா உனக்கு? அயிலாப் புயலுக்கப்பறம் யாரோ குடுத்தாங்களாம். அவங்க தெருவுல மட்டும் நாப்பது பேருக்குக் குடுத்தாங்களாம். நாப்பது பேரும் தைக்க உக்காந்தா உடுத்திக்கிறது யாரு? துணி எடுக்கவே காசில்லாத ஊர்ல தைக்கக் கூலி யாரு தருவா? இப்ப அந்த மெஷினுக்கடியில கோழி அடை காக்குதாம். 'பயனாளி: கோழி ஒன்று'ன்னு உன் கட்டத்துல போட்டுக்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்ங்கறியா? எனக்கு வங்காளம் வராது, அந்தம்மாவுக்குத் தமிழ் வராது, நெசந்தான். ஆனா அவங்க மகனுக்கு ரெண்டும் வருமே! மெட்ராசுக்கிட்டப் படப்பைப் பக்கம் கட்டட வேலை பாக்கறான். போன வாரம் அம்மாகூட வீடியோவுல பேசறப்ப ஓரத்துல என் தலையைப் பாத்துட்டு, 'யாரு, தாத்தாவா? சாப்ட்டீங்களா தாத்தா?'ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அன்னையிலேர்ந்து அவன்தான் எங்களுக்குத் துபாசி. நீ அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அறிக்கை அடிக்கிற நேரத்துல, இந்தச் சமையக்கட்டுல உன் அறிக்கை முச்சூடும் எனக்கு வாசிச்சுக் காட்டியாச்சு.

அவங்களுக்கு கோசாபா பக்கத்துல ஒரு தீவு. சுந்தரவனத்துல நம்ம நாட்டுக்குன்னு இருக்கறது 102 தீவாம். 54-ல மனுசன், மிச்சத்துல புலி. மனுசன் இருக்கிற தீவையெல்லாம் சுத்தி 3,500 கிலோமீட்டருக்கு மண்கரை போட்டிருக்கு. கரைக்கு இந்தப் பக்கம் நெல்லும் குளத்து மீனும், அந்தப் பக்கம் உப்புத் தண்ணி. அந்தக் கரைக்கு இவங்க பாந்த்ங்கறாங்க. இந்த ஊர்ல ரெண்டு பந்த் இருக்குடா தம்பி. ஒண்ணு கடையை மூடுறது, இன்னொண்ணு கடலை மூடுறது. முதலாவது ஒழுங்கா நடக்குது.

2009 மே 25-ல அயிலா வந்தப்ப அந்தக் கரையில 778 கிலோமீட்டர் அடிபட்டுச்சு. திரும்பக் கட்ட ஐயாயிரம் கோடிக்கு மேல திட்டம் போட்டாங்க. கரை உசந்தா அடி அகலமாகணும், அகலத்துக்கு நிலம் வேணும், நிலம் எடுக்கறதுல இழுபறி, அதுல கொஞ்சத்தூரந்தான் உருப்படியா முடிஞ்சுது. 2020 மே 20-ல அம்பன் புயல் வந்து மிச்சத்தைப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டுப் போயிடுச்சு. மாசி மகன் ஊரடங்குல வேலை நின்னு மெட்ராசுலேர்ந்து வீடு வந்து சேந்து ஒரு வாரம்கூட ஆகலையாம். கூரையைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க நின்னிருக்கான். கூரை போச்சு, வயல்ல உப்பு ஏறிச்சு, வண்டி ஓட ஆரம்பிச்சதும் அவன் படப்பைக்குத் திரும்பிட்டான், அம்மா கேனிங் ஸ்டேசன் பக்கம் ஒண்டிக்குடித்தனம் வந்துட்டாங்க. விடிகாலை லோக்கல் பிடிச்சு, நெரிசல்ல நசுங்கிக்கிட்டு வந்து உன் காப்பி டம்ளரைக் கழுவறாங்க. உன் கணக்குப்படி ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சாச்சு. 'வேலைவாய்ப்பு உருவாக்கம்: இரண்டு.' எழுதிக்கடா.

கேனிங்னதும் ஞாபகம் வருது. நீதானே அந்தக் கதையைச் சொன்னே? இந்த ஊர்ல இருந்த பிடிங்டன்ங்கற வெள்ளைக்காரன்தான் 1848-ல 'சைக்ளோன்'ங்கற வார்த்தையையே உண்டு பண்ணினானாம். நம்மளை அடிக்கிற புயலுக்கு இங்கிலீசுல பேரு வச்சதே கல்கத்தாவுலதான். மாத்லா ஆத்தங்கரையில, இப்ப கேனிங் இருக்கிற இடத்துல, புதுத் துறைமுகம் கட்டப் போறாங்கன்னதும் 1853-ல கவர்னர் ஜெனரலுக்கு எழுதினான், இங்கே கட்டாதீங்க, ஒரு நாள் கடல் எழும்பி வந்து வாரிக்கிட்டுப் போயிரும்னு. யாரு கேட்டா? ரயில் போட்டாங்க, கம்பெனி வச்சாங்க, பங்கு விலை தென்னை உசரத்துக்கு ஏறிச்சு. 1864-ல கல்கத்தாவையே புரட்டிப் போட்ட புயலுக்கப்பறமும் புத்தி வரலை. 1867-ல வேற ஒரு புயல் வந்து துறைமுகத்தை நாசம் பண்ணிட்டுப் போச்சு, நாலஞ்சு வருசத்துல கடையைக் கட்டிட்டாங்க. எச்சரிக்கை சொன்னவன் அதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டான். நான் சொன்னேன் பாத்தியான்னு சொல்லிக்கிற சந்தோசம்கூட அவனுக்குக் கிடைக்கலை. எனக்கு அந்தக் குறை வராம நீதான் பாத்துக்கணும்.

பட்டியலுக்கு வரேன். நீ 'பயனாளிகளைக் கண்டறிதல்'னு ஒரு பாகம் வச்சிருக்கே. ரொம்ப ருசியான பாகம் அதான். அம்பனுக்கப்பறம் வீடு இடிஞ்சவங்களுக்கு இருபதாயிரம்னு அரசாங்கம் சொல்லிச்சு. பட்டியல் வந்துச்சு. பாத்தா, காத்து தொடாத மாடி வீட்டையெல்லாம் பட்டியல் இடிச்சுத் தள்ளியிருக்கு! ஊரு கூடிச் சண்டை போட்டதுல வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுத்தவங்களும் உண்டு. கல்கத்தா ஐகோர்ட்டு அந்த வருசம் டிசம்பர்ல, மத்திய கணக்குத் தணிக்கைக்காரங்களைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைப் பாருங்கன்னுச்சு. 2021-ல யாஸ் புயல் வந்தப்ப, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு நீங்க போக வேண்டாம், முகாமுக்கு வந்து நீங்களே மனு குடுங்கன்னு 'துவாரே த்ராண்' வச்சாங்க. வாசல்ல நிவாரணம்னு அர்த்தமாம். அடி வாங்கினாலும் பாடம் படிச்சாங்க, அதைச் சொல்லணும்ல. நீ பட்டியல் எடுத்தா ஒண்ணு செய். எடுத்த பட்டியலை டீக்கடைச் சுவத்துல ஒட்டிட்டு, ஒரு மண்கோப்பை டீ வாங்கிக்கிட்டு ஓரமா உக்காந்திரு. டீ ஆறுறதுக்குள்ள தணிக்கை முடிஞ்சிரும்.

'நவீன விதைகள் அறிமுகம்'னும் ஒரு வரி பாத்தேன். அயிலா உப்பு கழுவிப் போக மாசி வயலுக்கு மூணு மழைக்காலம் ஆச்சாம். கடையில வாங்கின விதை முளைச்சு மஞ்சளாகிக் கருகிடுச்சு. அப்பத்தான் எல்லாரும் நோனா பொக்ரா எங்கே, நோனா பொக்ரா எங்கேன்னு அலைஞ்சிருக்காங்க. நோனான்னா உப்பு. பேர்லயே உப்பைப் போட்டுக்கிட்ட பழைய நெல்லு அது. விளைச்சல் கம்மின்னு எப்பவோ கைவிட்டது. உப்பைத் தாங்கற குணம் எந்த நெல்லுல இருக்குன்னு உலகத்து விஞ்ஞானிங்க தேடினப்ப இதையும் கேரளத்துப் பொக்காளியையும்தான் பிடிச்சாங்களாம். நம்ம பக்கம் குழியடிச்சான், களர்ப்பாளைன்னு இருந்துச்சே, சுனாமித் தண்ணி ஏறின வயலுக்கு அதைத்தான் தேடினோம். அதனால நீ யாருக்காவது புதுசா ஒண்ணு கத்துக்குடுக்கப் போறதுக்கு முன்னால, அந்த வீட்டுப் பானைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டுக் கத்துக்குடு. மரியாதைக்காகச் சொல்லலை, உன் செலவு மிச்சமாகும்.

இதுக்கு உனக்கு ஊர் ஊராப் போகவே வேண்டாம், இந்தக் காலேஜ் ஸ்ட்ரீட்டைப் பாரு. அன்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே, கையகலக் கடையில தலைக்கு மேல புத்தகத்தை அடுக்கிக்கிட்டு நிக்கிறாங்களே. அம்பன் அடிச்ச ராத்திரி கொல்கத்தாவுல 133 கிலோமீட்டர் வேகத்துக்குக் காத்து வீசிச்சு, ஐயாயிரத்துக்கு மேல மரம் சாஞ்சுது. மறுநா அந்தத் தெருவுல தண்ணியில புத்தகம் மிதந்துச்சு. இந்த ஊர்க்காரனுக்கு அது பொணம் மிதந்த மாதிரி. பையன்களும் வாசகர்களும் வசூல் பண்ணிக் கடைக்காரங்ககிட்டக் குடுத்தாங்க. காளான் வளக்கக் கத்துக்கங்கன்னு யாராவது சொன்னாங்களா? ஊதுபத்தி உருட்டச் சொன்னாங்களா? இல்லையே. ஏன்? புத்தகக் கடைக்காரன் வாசகனுக்குத் தெரிஞ்ச முகம். தெரிஞ்சவனுக்குப் பணத்தைக் குடுத்தா அவனுக்குத் தெரிஞ்சதை அவன் பண்ணிக்குவான்னு நம்பிக்கை வந்துருது. தீவுல இருக்கிறவன் தெரியாத முகம், அதான் அவனுக்குப் பயிற்சி.

எங்க கதையும் சொல்லிடறேன், இல்லாட்டி அடுத்தவன் ஊரைப் பேசறேன்னு பேராயிரும். 2018 நவம்பர் 16, கஜா புயல். உங்கப்பன் பொறந்தப்ப வச்ச கண்ணு, நான் கல்யாணத்துக்கு வித்த காய் காய்ச்ச மரம், எல்லாம் ஒரே ராத்திரியில வரிசையாப் படுத்துருச்சு. மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அப்புறப்படுத்த 500, ஆக 1,100-னு அரசாங்கம் குடுத்துச்சு. ஒரு மரம் எனக்கு எத்தனை வருசம் சோறு போட்டுச்சுன்னு நான் கணக்குப் போடலை, போட்டா அழுகை வரும். ஆனா அந்த 500-ஐ மறக்க மாட்டேன்டா. தோப்பு போனவன் அத்தனை பேரும் திண்ணையில உக்காந்து வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தான். மரம் அறுக்கறதுக்குக் காசுன்னதும் எந்திரிச்சான். மரம் அறுத்தான், வழி விட்டான், குழி வெட்டினான். புதுக் கண்ணு காய்க்க அஞ்சாறு வருசம். அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழின்னு அந்தப் பணம் சொல்லலைதான். ஆனா விழுந்த இடத்தைச் சுத்தம் பண்றதே ஒரு வேலை, அதுக்கும் ஒரு கூலி உண்டுன்னு சொல்லிச்சு பாரு, அதுலதான் ஊரு உசுரு திரும்புச்சு.

இங்கேயும் ஒருதரம் அது நடந்துச்சு. அம்பனுக்கப்பறம் அஞ்சு கோடி அலையாத்திக் கண்ணு நடப் போறோம்னு மாநிலத்துல சொன்னாங்க. எங்க முத்துப்பேட்டைக் காட்டுல நிக்குதே, அதே சாதி மரம். அலையை ஆத்தும்னுதானே அலையாத்தின்னே பேரு. நூறு நாள் வேலைத் திட்டத்துல பொம்பளைங்க முழங்கால் சேத்துல நின்னு நட்டாங்க. கரையும் பலமாகுது, கையிலயும் காசு விழுது. அதுக்கு முன்னால அவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க தெரியுமா? இடுப்பளவு உப்புத் தண்ணியில மணிக்கணக்கா நின்னு, கொசுவலை மாதிரி வலையை இழுத்து, இறால் குஞ்சு பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஆம்பளைங்க நண்டுக்காகப் புலிக்காட்டுக்குள்ள போனாங்க. அதை விட இது நல்ல வேலைதானே?

அதுலயும் 2022 மார்ச்சுல மண்ணு விழுந்துச்சு. மேற்கு வங்காளத்துல முறைகேடுன்னு டெல்லி நூறு நாள் பணத்தை நிறுத்திடுச்சு. இங்கே இருக்கறவங்க அது அரசியல்ங்கறாங்க. அந்த வழக்குல நான் தலையிடலை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். தப்புப் பண்ணினவன் யாரோ, கூலி நின்னது சேத்துல நின்னவளுக்கு. மூணு வருசத்துக்கு மேல ஆகி, 2025 ஜூன்ல கல்கத்தா ஐகோர்ட்டு, முறைகேட்டை நீங்க விசாரிங்க, ஆகஸ்டு 1-லேர்ந்து வேலையைத் தொடங்குங்கன்னுச்சு. திருடனைத் தேடறதுக்காகக் கிணத்தை மூடாதேன்னு சொல்றதுக்கு இத்தனை படி ஏற வேண்டியிருக்கு.

இதே கோசாபாவுல ஹாமில்டன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை 1903-ல நிலம் எடுத்து, கூட்டுறவுச் சங்கம், அரிசி மில்லு, பாங்குன்னு நடத்தியிருக்கான். 1936-ல தன் தீவுக்குன்னு சொந்தமா ஒரு ரூபாய் நோட்டே அடிச்சான். அதுக்கு உழைப்பையும் விளைபொருளையும் ஈடு வச்சானாம். துரைங்களை நான் தூக்கிப் பேசறவன் இல்லை. ஆனா உழைச்சா நோட்டுன்னு அச்சடிச்ச தீவுல, இன்னைக்கு உழைக்கறவ நோட்டைக் கண்ணுல பாக்காம நிக்கிறா. அதை எந்தப் பக்கத்துல எழுதுவே நீ?

என்ன, எந்த உழைப்புன்னு கேக்கறியா?

காலண்டரைப் பாருடா. இன்னைக்குப் பௌர்ணமி. இந்த ஊர்ல கோட்டால்ங்கறாங்க, ஆறு முட்டி மோதி ஏறி வர்ற நாளு. மழைக்காலத்துப் பௌர்ணமின்னா கரை தாங்கறது சந்தேகம். நேத்து ராத்திரி மாசி மகன் என்கிட்டப் பேசினான். 'தாத்தா, அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, கரையில கசிவு இருக்காம், ஊரே மண்ணு போடுது. அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க, சம்பளம் பிடிக்க வேணாம்னு சொல்லுங்க'ன்னான். நான்தான் உன்கிட்டச் சொல்லலை. தொட்டி நெறையட்டும், பய கொஞ்சம் யோசிக்கட்டும்னு விட்டுட்டேன். கெழவனுக்கு வேற பொழுதுபோக்கு என்ன இருக்கு?

நீ வேலையை உருவாக்கப் போறேன்னு எழுதறே. அந்தம்மா தலையில மண்கூடையோட கரை மேல நிக்கிறாங்க. வேலைக்கு அந்தத் தீவுல பஞ்சமே இல்லைடா தம்பி. கரை போடணும், கண்ணு நடணும், குளத்து உப்பை இறைக்கணும், வாய்க்கால் தூர் வாரணும். அயிலாவுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அத்தனை வேலையும் அங்கேயேதான் கெடக்கு, செய்யறதுக்கு ஆளும் இருக்கு. கூலி மட்டுந்தான் இல்லை. அந்தக் கூலிக்காகத்தான் அம்மா கேனிங் லோக்கல்ல இடிபடறாங்க, மகன் படப்பையில சாரத்து மேல நிக்கிறான். நீ புதுசா எந்த வேலையையும் உருவாக்க வேண்டாம், ஏற்கெனவே பொறந்து பசியில கெடக்கிற வேலைக்குச் சோறு ஊட்டு. அந்த மூணாம் பக்கத்துத் தையல் மெஷினை எடுத்துட்டு, 'மண் சுமந்த கூலி, அன்னன்னைக்கு, கையில்'னு ஒரு வரி போடு. ஏழு வார்த்தைகூட வராது. மூச்சும் வாங்காது.

காலையில கேனிங்லேர்ந்து வர்ற வண்டி பிதுங்கி வழியுது, திரும்பிப் போற வண்டி காத்தாடிக்கிட்டுப் போகுதாம். நாளைக்கு அதுல ரெண்டு டிக்கெட்டு எடு, சியால்டாவுலேர்ந்து. உக்காந்தே போகலாம். லேப்டாப் வேண்டாம், சேத்துல விழுந்தா நீ அழுவே. பழைய வேட்டி ரெண்டு நான் எடுத்துக்கறேன். கூடை அங்கே இருக்கும்.

போ, முதல்ல அந்தப் பாத்திரத்தைத் தேய். அந்தம்மா திரும்பி வர்றப்ப தொட்டி காலியா இருக்கட்டும். என்ன பாக்கறே? கூலியா? பாத்து, பட்டியல்ல பேரு சேத்துட்டுச் சொல்றேன். ஆதார் நகல் ரெண்டு வச்சிரு.